கோலார் தங்கவயல்: வருகிறவர்கள் கேட்பதும் நாங்கள் சொல்வதும்

ஞாயிற்றுக்கிழமைகளில் பெங்களூரிலிருந்து கேமராவோடு சிலர் வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைக்காகக் கல்லூரி மாணவர்கள் வருகிறார்கள். வேலூர், திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து, "எங்கள் தாத்தா இங்கேதான் வேலை செய்தாராம், எந்த லைன் என்று தெரியவில்லை" என்று தயங்கித் தயங்கிச் சில பேரப்பிள்ளைகள் வருகிறார்கள். எல்லோருடைய கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். டீக்கடையில் நின்று பாதி பதில் சொல்வதற்குள் அவர்களுடைய ரயில் வந்துவிடுகிறது. அதனால் எழுதிவைக்கிறேன்.

தங்கவயல் என்பது ஊரின் பெயரா, சுரங்கத்தின் பெயரா?

இரண்டுக்கும் அதுதான் பெயர். தங்கச் சுரங்கம் 2001இல் மூடிவிட்டது, ஊர் இருக்கிறது. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது. கோலார் நகரம் வேறு. அது இங்கிருந்து 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கோலாரில் இறங்கிவிட்டு, "சுரங்கம் எங்கே?" என்று கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு.

உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை என்று பல துண்டுகள் சேர்ந்துதான் தங்கவயல். இவற்றில் மாரிக்குப்பமும் உரிகமும் வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே இருக்கும் கிராமங்கள். மற்றவற்றில் பெரும்பாலானவை சுரங்கம் பெற்ற பிள்ளைகள். ராபர்ட்சன்பேட்டை, மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சனின் பெயரைத் தாங்கியது. கடைவீதி அங்கேதான். 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். "ஆவிகள் உலவும் ஊர்" என்று யாராவது எழுதியதைப் படித்துவிட்டு வந்திருந்தால், சனிக்கிழமை மாலையில் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய்ப் பாருங்கள். ஆவிகளுக்கு அங்கே நிற்க இடம் கிடைக்காது.

எப்படி வருவது?

பெங்களூர்–ஜோலார்பேட்டை ரயில் பாதையில் பங்காருப்பேட்டை ஜங்ஷன். அங்கிருந்து பிரியும் சிறு கிளைப் பாதை கோரமண்டல், உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பத்தில் முடிகிறது. 1890களில் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை இது. பஸ்ஸும் உண்டு. ரயிலில் வந்தால்தான் ஊர் எப்படி நீண்டு கிடக்கிறது என்பது புரியும். பாறைக்குள் தங்க ரேகை வடக்கு தெற்காக ஓடியது. ஷாஃப்டுகள் என்ற செங்குத்துச் சுரங்கக் குழிகளும், லைன் வீடுகள் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளும் அதன் மேலேயே எழுந்தன.

பங்காருப்பேட்டையில் ரயிலுக்குக் காத்திருக்க நேர்ந்தால் பானி பூரி சாப்பிடுங்கள். அங்கே ஊற்றும் நீர் நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும், காரம் மட்டும் நாக்கில் தெரியும். "பங்காரு" என்றால் தங்கம், அதனால்தான் ஊருக்கு இந்தப் பெயர் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். பௌரிங் என்ற ஆங்கிலேய ஆணையரின் பெயரால் பௌரிங்பேட்டை ஆகி, மக்கள் வாயில் பங்காருப்பேட்டை ஆனது.

தங்கத்தை முதலில் கண்டுபிடித்தது யார்?

புத்தகங்கள் லாவெல் என்ற ஐரிஷ்காரரின் பெயரைச் சொல்லும். எங்களுக்கு இந்தக் கேள்வியே கொஞ்சம் கோணலாகப் படுகிறது.

1799இல் திப்பு வீழ்ந்த பிறகு, மைசூரின் கிழக்கு எல்லையை அளக்க லெப்டினன்ட் ஜான் வாரன் என்ற அதிகாரியை அனுப்பினார்கள். 1802இல் அவர் இந்தப் பக்கம் வந்தபோது, மண்ணில் தங்கம் கிடைக்கிறது என்ற பேச்சு காதில் விழுந்தது. காட்டுகிறவர்களுக்குப் பரிசு என்று அறிவித்தார். கிராமத்தார் வண்டியில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அலசிக் காட்டினார்கள். அடியில் மினுமினுப்பு. மாரிக்குப்பத்தின் அருகே அவர் பார்த்தது இன்னும் முக்கியமானது. பறையர் சமூகத்தினர் முப்பது நாற்பது அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, உள்ளே இறங்கிக் கல்லை உடைத்து, கூடையில் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். மேலே பெண்கள் அதைப் பொடியாக்கி நீரில் அலசினார்கள். வாரன் இதையெல்லாம் எழுதிவைத்துவிட்டுப் போய்விட்டார்.

சுமார் எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு, நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டுப் பெங்களூரில் குடியேறிய மைக்கேல் ஃபிட்ஸ்ஜெரால்டு லாவெல் அந்தக் குறிப்பைப் படித்தார். 1871இல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டு வந்தார். 1875இல் மைசூர் அரசிடமிருந்து சுரங்க உரிமை பெற்றார். கையில் போதிய பணமில்லாததால் உரிமையை மற்றவர்களுக்கு மாற்றிக்கொடுத்தார். பெங்களூரில் இன்று விலையுயர்ந்த உணவகங்கள் நிறைந்திருக்கும் லாவெல் சாலை அவர் பெயரில்தான் இருக்கிறது. மாரிக்குப்பத்துக் குழிகளில் இறங்கியவர்களின் பெயரில் சந்துகூட இல்லை.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் வந்தது. மூன்று ஆண்டுகள் தோண்டியும் ஒன்றும் தேறவில்லை. பணம் தீரும் தறுவாயில், கடையைக் கட்டலாமா என்று பங்குதாரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். அப்போது கேப்டன் பிளம்மர் என்பவர் பழங்காலத்தார் தோண்டிவிட்டுப் போன குழிகளைப் பின்தொடர்ந்து மேலும் கீழே போனார். சாம்பியன் ரேகை அகப்பட்டது. பிளம்மர் ராணுவ கேப்டன் அல்ல. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் சுரங்க மேலாளரைக் கேப்டன் என்று அழைப்பது வழக்கம். அந்த வழக்கமும் அவர்களோடு கப்பலேறி வந்தது. ஆக, லண்டன் கம்பெனிக்கு வழிகாட்டியது பெயர் தெரியாத பழைய குழி வெட்டிகளின் கைவேலை.

கர்நாடகத்தில் இருக்கும் ஊரில் எப்படி இத்தனை தமிழர்கள்?

ஆழத்தில் இறங்க ஆள் வேண்டியிருந்தது. அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டங்கள் பக்கத்திலேயே இருந்தன. 1876–78 பஞ்சத்தின் நினைவு அங்கே ஆறவில்லை. சொந்த ஊரில் பண்ணையாளாகக் கிடந்தவர்களுக்கு, தலித்துகளுக்குக் குறிப்பாக, மேல்சாதியாரின் முகத்தைப் பார்க்காமல் காசாகக் கூலி வாங்குவது என்பதே ஒரு விடுதலை. காண்ட்ராக்டர்கள் ஆள் சேர்த்தார்கள். வந்தவர்கள் ஊருக்குத் திரும்பி உறவுக்காரர்களை அழைத்துவந்தார்கள். சித்தூர்ப் பக்கத்திலிருந்து தெலுங்கர்கள் வந்தார்கள். காவல் வேலைக்கு வடக்கிலிருந்து பஞ்சாபிகள் வந்தார்கள். இயந்திரத்துக்கும் மேற்பார்வைக்கும் கார்ன்வால்காரர்கள், இத்தாலியர்கள், ஆங்கிலோ இந்தியர்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலை செய்தார்கள் என்றால், குடும்பங்களோடு சேர்த்துக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐரோப்பியர்களுக்குத் தோட்டம் வைத்த பங்களா, கிளப், தேவாலயம், நடன மண்டபம் எல்லாம் இருந்தன. குளிர்ந்த காற்றும் இருக்கவே, "சின்ன இங்கிலாந்து" என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். தொழிலாளிக்கு மூங்கில் தட்டியால் கட்டிய குடிசை. காலப்போக்கில் அது ஓடு, தகரம் போட்ட லைன் வீடானது. ஓர் அறை, ஒரு சமையல் மூலை, தெருவுக்குப் பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். ஏழெட்டுப் பேர் அதில் படுத்து எழுந்தார்கள். ஒரு ஷிஃப்டுக்காரர் எழுந்து போன பாயில் இன்னொரு ஷிஃப்டுக்காரர் வந்து படுப்பார். "சின்ன இங்கிலாந்து" என்று யாராவது ஏக்கத்தோடு சொன்னால், அவர்களுடைய தாத்தா எந்தப் பக்கம் குடியிருந்தார் என்று நாங்கள் மனதுக்குள் கணக்குப் போடுவோம்.

கீழே வேலை எப்படி இருந்தது?

முதலில் ஆழத்தைச் சொல்லிவிடுகிறேன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் சுமார் 3.2 கிலோமீட்டர் ஆழம் வரை போனது. தொட்டபெட்டா கடல்மட்டத்திலிருந்து 2,637 மீட்டர் உயரம். அந்த மலையைத் தலைகீழாக இந்தப் பள்ளத்தில் இறக்கினாலும் அரைக் கிலோமீட்டர் மிச்சம் இருக்கும். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக நெடுங்காலம் இருந்தது.

சங்கு ஊதும். கேஜ் என்ற இரும்புக் கூண்டில் நெருக்கியடித்து நிற்பார்கள். மணி அடித்ததும் கூண்டு இருட்டில் விழும். காது அடைக்கும். ஒரே கூண்டில் கடைசி வரை போக முடியாது. ஒரு மட்டத்தில் இறங்கி, நடந்து, வேறு கூண்டில் ஏறி மறுபடி இறங்க வேண்டும். மட்டம் என்று நான் எழுதுகிறேன். இங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, லெவல்தான். "அப்பா எந்த லெவல்?" என்பது ஒரு காலத்தில் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட கேள்வி.

ஆழம் கூடக்கூடப் பாறை சுடும். அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. மேலே குளிர்விப்பு இயந்திரம் வைத்து ஷாஃப்டு வழியாகக் குளிர்ந்த காற்றைக் கீழே தள்ளினார்கள். அப்படியும் இடுப்பில் ஒரு துண்டோடுதான் பலர் வேலை செய்தார்கள். பாறையில் துளையிட வேண்டும், வெடி வைக்க வேண்டும், புகை அடங்கியதும் உடைந்த கல்லை அள்ளித் தள்ளுவண்டியில் ஏற்ற வேண்டும். கல் மேலே வந்ததும் ஸ்டாம்ப் மில் என்ற இடிப்பு ஆலை அதைப் பொடியாக்கும். பாதரசம் தடவிய செப்புத் தகடுகளில் அந்தக் குழம்பை ஓடவிட்டால் தங்கத்தில் ஒரு பங்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமல் தப்பிய துகளைச் சயனைடு கரைசலில் ஊறவைத்துக் கரைத்துப் பிரிப்பார்கள். ஆலை இரவும் பகலும் இடித்துக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், ஆலை நின்ற பிறகு தூக்கம் வரவில்லை என்றார்கள்.

பாறை வெடிப்பு என்கிறார்களே, அது என்ன?

ராக் பர்ஸ்ட். பழையவர்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மூன்று கிலோமீட்டர்ப் பாறையின் கனம் மேலே அழுத்திக்கொண்டிருக்க, நடுவில் கல்லை எடுத்துக் குடைந்துகொண்டே போனால் அந்த அழுத்தம் பக்கச் சுவர்களில் போய்ச் சேர்கிறது. தாங்கும் எல்லை தாண்டியதும் பாறை வெடித்துச் சிதறும். சில சமயம் மேலே ஊரில் பாத்திரம் உருளும், சுவர் கீறும். நிலநடுக்கம் என்று வெளியூர்க்காரர்கள் ஓடுவார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஓடுவது ஷாஃப்டு வாசலுக்கு. எந்த ஷிஃப்டு, எந்த லெவல் என்று தெரியும் வரை யார் வீட்டிலும் அடுப்பு எரியாது.

குடைந்த இடத்தைக் கருங்கல் சுவர்களால் அடைத்துத் தாங்குவது, எந்தப் பகுதியை எந்த வரிசையில் வெட்டுவது என்று திட்டமிடுவது, அதிர்வைப் பதிவுசெய்வது என்று பல முறைகள் இங்கே வளர்ந்தன. பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் தங்கவயலில் தொடங்கப்பட்டது தற்செயல் அல்ல.

வேலை செய்தவர்களின் உடல்நிலை?

வெடிப்பைவிட அதிகமாகத் தின்றது தூசி. குவார்ட்ஸ் கல்லைத் துளையிடும்போது பறக்கும் சிலிக்கா துகள் நுரையீரலில் தங்கித் தழும்பாகிறது. சிலிகோசிஸ். 1940களில் இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது நூற்றுக்கு நாற்பதுக்கும் மேற்பட்டோருக்கு அது இருந்தது. இந்தியாவில் இந்த நோயைப் பற்றிய பெரிய ஆய்வு முதலில் நடந்தது இங்கேதான். வீடுகளில் அதற்கு நோயின் பெயர் சொல்ல மாட்டார்கள். "நெஞ்சில் மைன் இருக்கிறது" என்று என் பாட்டி சொல்வார். தாத்தா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குவார்.

இவ்வளவு தங்கத்துக்கு நடுவில் யாரும் திருடவில்லையா?

திருடினார்கள். அதற்கென்றே தனிச் சட்டம், தனிக் காவல், வெளியே வரும்போது உடல் சோதனை. உரிமமில்லாமல் தாதுக்கல் வைத்திருந்தாலே குற்றம். ஆனால் ஒரு விஷயம்: தொழிலாளி பார்த்தது பளபளக்கும் தங்கத்தை அல்ல. கறுத்த பாறையில் வெள்ளைக் கோடு. பெரும்பாலானோர் முப்பது ஆண்டு வேலை செய்தும் வெறுங்கண்ணால் தங்கத்தைப் பார்த்ததே இல்லை, மகளுடைய கல்யாணத்துக்குக் கடையில் வாங்கியபோது தவிர.

"கே.ஜி.எஃப்." சினிமாவில் காட்டியதுபோலவா?

இல்லை. இங்கே இருந்தது கணக்குப் புத்தகம் வைத்திருந்த கம்பெனி, பிறகு அரசு நிறுவனம். கொடுமை இருந்தது. ஆனால் அது சாட்டையோடு வரவில்லை, சம்பளப் பட்டியலோடு வந்தது.

ஆசியாவிலேயே டோக்கியோவுக்கு அடுத்து மின்சாரம் வந்தது தங்கவயலுக்குத்தான் என்கிறார்களே?

ஊர்ப்பெருமைக்காக நாங்களும் சொல்வோம். கணக்கு உதைக்கும். டார்ஜீலிங்கில் 1897லேயே நீர்மின் நிலையம் வந்துவிட்டது. உண்மையான கதையே போதுமான அளவு பெரியது. 1902 ஜூனில் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீண்ட மின் தடங்களில் ஒன்று. பெங்களூர்த் தெருக்களுக்கு விளக்கு வந்தது 1905இல். தலைநகரத்துக்கு மூன்று ஆண்டு முன்னதாக இங்கே வெளிச்சம். தண்ணீர் பேத்தமங்கலத்தில் பாலாற்றைத் தேக்கி வந்தது. மின்சாரமும் தண்ணீரும் முதலில் போனது சுரங்கத்துக்கும் பங்களாவுக்கும். லைன் வீட்டுக்கு விளக்கு வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

அயோத்திதாசருக்கும் தங்கவயலுக்கும் என்ன தொடர்பு?

தமிழ்நாட்டில் படித்தவர்கள்கூட இதை அறியாமல் இருப்பது வருத்தமாக இருக்கிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் "ஒரு பைசாத் தமிழன்" இதழைத் தொடங்கியது 1907இல். அதே ஆண்டு மாரிக்குப்பத்தில் அவர் நிறுவிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தொடங்கியது. சாம்பியன் ரீஃபிலும் சங்கம் இருந்தது. ஷிஃப்டு முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து பத்திரிகையை உரக்கப் படித்தார்கள், விவாதித்தார்கள், சந்தா கட்டினார்கள். கையில் காசு இருந்தது. தலைக்கு மேலே பண்ணையார் இல்லை. இந்த இரண்டும் சேர்ந்த இடம் அந்தக் காலத்தில் தலித்துகளுக்கு எத்தனை இருந்திருக்கும்?

1914இல் பண்டிதர் மறைந்தார். இதழ் நின்றது. பின்பு 1926இல் ஜி. அப்பாதுரையார் "தமிழன்" இதழைத் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார். சாம்பியன் ரீஃபில் இருந்த சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களை அச்சிட்டுக் காப்பாற்றியது. இன்று பல்கலைக்கழகங்களில் அவரைப் படிக்கிறார்கள் என்றால், அதில் பாறை உடைத்தவர்களின் அணா காசும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இந்த மண்ணிலிருந்து எடுத்ததில் விலை குறையாத பொருள் அதுதான்.

தொழிற்சங்கப் போராட்டங்கள்?

1930இல் எல்லாத் தொழிலாளர்களும் கைரேகை பதிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். சங்கம் என்று ஒன்று உருப்பெறாத காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கம் நின்றது. 1940களில் கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டினார்கள். 1946 நவம்பர் 4 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்த நாளில் இன்றும் மாலை போடுகிறார்கள்.

சட்டமன்றத்துக்கு இந்தத் தொகுதி அனுப்பிய கட்சிகளைப் பார்த்தால் கர்நாடகத்தின் மற்றப் பகுதியினர் குழம்புவார்கள்: கம்யூனிஸ்டு, குடியரசுக் கட்சி, அ.தி.மு.க. என்று போகும் பட்டியல்.

பூமிக்கடியில் விஞ்ஞானிகள் என்ன செய்தார்கள்?

டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் 1950களிலிருந்தே காஸ்மிக் கதிர்களை அளக்கக் கீழே இறங்கினார்கள். விண்ணிலிருந்து வரும் மற்றத் துகள்களைப் பாறை வடிகட்டிவிடும். நியூட்ரினோ என்ற மிகச் சிறு துகளை அது தடுக்காது. ஆகவே ஆழத்தில் காத்திருந்தால் அதன் தடத்தைப் பிடிக்கலாம். 1965இல் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, வளிமண்டல நியூட்ரினோவின் தடத்தை முதன்முதலில் பதிவுசெய்தார்கள். தென்னாப்பிரிக்காவின் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அதே ஆண்டு இது நடந்தது. பிறகு புரோட்டான் சிதைகிறதா என்று பார்க்கக் கருவி வைத்தார்கள். 1992வாக்கில் எல்லாம் முடிந்தது. தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஆய்வகம் கட்ட நினைத்து எதிர்ப்பில் சிக்கிய திட்டத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

மொத்தம் எவ்வளவு தங்கம் எடுத்தார்கள்? பிறகு ஏன் மூடினார்கள்?

120 ஆண்டுகளில் சுமார் 800 டன். சவரனுக்கு எட்டு கிராம் என்றால் பத்துக் கோடி சவரன். இதில் கணிசமான பகுதி லண்டன் போனது. மைசூர் அரசுக்கு ராயல்டியாக ஐந்து சதவீதம் கிடைத்தது.

தொடக்கத்தில் ஒரு டன் கல்லில் 45 கிராம் வரை கிடைத்தது. அதாவது 180 கிலோ கல்லை உடைத்தால் ஒரு சவரன். 1990களில் அது டன்னுக்கு மூன்று கிராம் அளவுக்கு இறங்கியது. ஒரு சவரனுக்கு இரண்டரை டன்னுக்கும் மேல் கல்லைச் சில கிலோமீட்டர் ஆழத்திலிருந்து தூக்க வேண்டும். 2001இல் அந்தச் சவரனின் விலை சுமார் 3,400 ரூபாய். மின்கட்டணத்துக்குக்கூடக் காணாது.

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் மத்திய அரசுக்குப் போனது. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் லிமிடெட் உருவானது. 1992இல் நலிந்த நிறுவனம் என்று அறிவிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது. மேலிருந்து பார்த்தால் கணக்கு சரிதான். ஆனால் கணக்குப் போட்டவர்கள் ஒரு வரியை விட்டுவிட்டார்கள்: பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குழாய், தெருவிளக்கு எல்லாமே சுரங்க நிறுவனத்தின் கையில் இருந்தன. சுரங்கத்தை மூடியபோது ஒரு நகராட்சியையே மூடியதுபோல ஆயிற்று.

இப்போது மக்கள் என்ன வேலை செய்கிறார்கள்?

விடிவதற்கு முன் மாரிக்குப்பம் ஸ்டேஷனுக்கு வாருங்கள். பதில் பிளாட்பாரத்தில் நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் தினமும் பெங்களூருக்குப் போய்த் திரும்புகிறார்கள். கட்டட வேலை, காவல், துணிக்கடை, ஆயத்த ஆடை ஆலை, ஆஸ்பத்திரி, கம்ப்யூட்டர் அலுவலகம் என எல்லாம் உண்டு. போக இரண்டரை மணி, வர இரண்டரை மணி. சீட்டுப் பிடிக்கக் கைக்குட்டை போடுவார்கள். காய் நறுக்குவதும், பரீட்சைக்குப் படிப்பதும், வட்டிக் கணக்கு முடிப்பதும், சில காதல்கள் கல்யாணத்தில் முடிந்ததும் அந்தப் பெட்டிகளில்தான். தாத்தாக்கள் கூண்டில் கீழே இறங்கினார்கள், பேரன் பேத்திகள் ரயிலில் பக்கவாட்டில் போகிறார்கள். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புவது மட்டும் மாறவில்லை.

ஊருக்குள் பெரிய தொழிற்சாலை என்றால் பெமல், 1960களில் வந்தது. மண் அள்ளும் இயந்திரங்கள் செய்கிறார்கள். நிரந்தர வேலை கிடைத்தவர்கள் அதிர்ஷ்டசாலிகள்.

லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுக்கு உரிமைப் பத்திரம் வேண்டும் என்ற கோரிக்கை ஒவ்வொரு தேர்தலிலும் மேடையேறும். இடிந்த சுவருக்குப் பக்கத்திலேயே டைல்ஸ் போட்ட மாடி வீடும் எழும்பியிருக்கும்.

அந்த வெள்ளை மலைகள் என்ன? ஆபத்தா?

அவை மலைகள் அல்ல. தங்கத்தை எடுத்த பிறகு கொட்டிய கழிவு மண். சயனைடு மேடு என்போம். மொத்தம் 13 மேடுகள், மூன்று கோடி டன்னுக்கும் மேல். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். மிஞ்சுவது மாவுபோன்ற துகளும் அதில் கலந்த உலோகங்களும். மழை அரித்த ஓடைகளில் செடி எளிதில் முளைக்காது. ஆடிக் காற்றில் அந்தத் தூள் சோற்றிலும் கொடியில் காயும் துணியிலும் விழும். படம் பிடிக்க அழகாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஏறிச் சறுக்கி விளையாடக் குழந்தைகளை விடாதீர்கள். கால் புதையும், ஓரம் சரியும்.

சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கலாமா?

முடியாது. பம்புகள் நின்ற பிறகு சுரங்கங்களில் தண்ணீர் ஏறிவிட்டது. ஷாஃப்டுகளின் இரும்புக் கோபுரங்களை வெளியே நின்று பார்க்கலாம். வேலி தாண்டாதீர்கள். ஐரோப்பியர் கல்லறைகளையும், சாம்பியன் ரீஃபின் பழைய தேவாலயத்தையும் பாருங்கள். கம்மசந்திரத்தில் கோடிலிங்கேஸ்வரர் கோயில் பக்கத்தில்தான்.

மீண்டும் திறப்பார்களா?

2001இலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் திறந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஆழத்துக்கு இனி இறங்குவது எளிதல்ல, தண்ணீரை இறைக்கும் செலவே மலைக்கவைக்கும். பேச்சு இப்போது கழிவு மேடுகளைப் பற்றியது. அந்த மண்ணில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத் தங்கம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2001இல் அது குப்பை, இன்றைய விலையில் சரக்கு. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, ஆயிரம் ஏக்கருக்கும் மேல் பரவிய 13 மேடுகளிலும் தங்கம் பிரிக்கும் திட்டத்துக்கு இசைவு தந்தது. வேலை யாருக்குக் கிடைக்கும், கிளறினால் பறக்கும் தூசிக்கு யார் பொறுப்பு என்ற இரண்டு கேள்விகளை நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள்?

தமிழ். அலுவலகத்தில் கன்னடம், சுற்றுக் கிராமச் சந்தையில் தெலுங்கு. இந்த மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்து வந்தால் பேசுகிறவர் தங்கவயல்காரர் என்று ரயிலிலேயே கண்டுபிடித்துவிடலாம். தமிழ்வழிப் பள்ளிகள் குறைந்துவிட்டன. பிள்ளைகள் தமிழ் பேசுகிறார்கள், கன்னடமும் ஆங்கிலமும் எழுதுகிறார்கள். தாத்தாவின் பழைய கடிதத்தை என்னிடம் கொண்டுவந்து, படித்துச் சொல்லுங்கள் என்று கேட்ட இளைஞர்கள் இருக்கிறார்கள்.

தாத்தா வேலை செய்த லைனைக் கண்டுபிடிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். சுரங்கத்தின் பெயரோ ஷாஃப்டின் பெயரோ தெரிந்தால் போதும். பழைய சம்பளச் சீட்டு, அடையாள எண் இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பகுதி டீக்கடையில் பெரியவர் யாரிடமாவது பெயரைச் சொல்லுங்கள். முதலில், "எந்த லெவல்?" என்று கேட்பார். தெரியவில்லை என்றால் கோபித்துக்கொள்ள மாட்டார், உட்காரச் சொல்வார்.

மாரிக்குப்பத்துக்கு அப்பால் ரயில் போகாதா?

இதுவரை தண்டவாளம் அங்கே முடிகிறது. ஆந்திரத்தின் குப்பம் வரை அதை நீட்டும் பாதைக்கு ஒப்புதல் கிடைத்து வேலை நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தால் சென்னைப் பக்கம் போகப் பங்காருப்பேட்டையைச் சுற்ற வேண்டாம். அதுவரை மாலை ரயிலில் வருகிறவர்கள், கடைசி ஸ்டேஷன் என்பதால், தைரியமாகத் தூங்கிக்கொண்டு வரலாம். பெட்டியைப் பூட்டுவதற்கு முன் யாராவது தட்டி எழுப்பிவிடுவார்கள்.